பிளாஸ்டிக் சிப்பாய்கள்: 50 வருஷ சேகரிப்பு சொத்தா, செலவா?



ஸ்டாம்ப், பழைய நாணயம், பொம்மை கார்னு எதைச் சேர்க்கிறவரா இருந்தாலும், வீட்டில் ஒருநாள் இந்த வசனத்தைச் சொல்லியிருப்பார்: "இது செலவு இல்லம்மா, முதலீடு!" இது எவ்வளவு தூரம் உண்மை? இதைப் புரிஞ்சுக்க இன்னைக்கு ஒரு கேஸ் ஸ்டடி எடுத்துக்கலாம்: பிளாஸ்டிக் பொம்மைச் சிப்பாய்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சின்ன வயசில் ஆரம்பிச்சு, பேரன் பேத்தி எடுத்த பிறகும் இதைச் சேர்த்துக்கிட்டே இருக்கிறவங்க உண்டு.

முதலில் கொஞ்சம் வரலாறு. ஒரு காலத்தில் பொம்மைச் சிப்பாய்கள் பெரும்பாலும் ஈயத்தில்தான் வந்தன. 1938ல் அமெரிக்காவின் பெர்கன் டாய் அண்ட் நாவல்டி கம்பெனி பிளாஸ்டிக்கில் கொண்டுவந்தது. பிரிட்டனில் ஏர்ஃபிக்ஸ் 1959ல், சுமார் ஓர் அங்குல உயரச் சிப்பாய்களைப் பெட்டியில் போட்டு விற்க ஆரம்பிச்சது. முதல் செட், அரண்மனைக் காவலர்களின் பேண்டு வாத்தியக் குழு. விலை மலிவு என்பதால் பசங்க தங்கள் பாக்கெட் மணியிலேயே வாங்கினாங்க.

இப்போ ஒரு கற்பனைக் கணக்கு. 1950ல் பிறந்த ஓர் ஆங்கிலேயர். 25 வயசிலிருந்து 75 வயசு வரை, மாதம் 20 பவுண்டுக்குச் சிப்பாய்கள் வாங்குறார்னு வைங்க. வருஷத்துக்கு 240, 50 வருஷத்துக்கு 12,000 பவுண்டு. "எப்படியும் 12,000க்கு மேல போகும்"னு மனசில் ஒரு தொகை எழுதி வச்சிருக்கார். அந்தத் தொகையை ஏன் நம்ப முடியாது? மூணு காரணம் இருக்கு.

1. மோல்டு சாகாது

பொம்மை உடையலாம், கம்பெனி மூடலாம். ஆனால் அதை வார்க்கும் மோல்டு, அதாவது அச்சு, கைமாறிக்கிட்டே இருக்கும். ஏர்ஃபிக்ஸ் 1981ல் நொடிச்சுப்போச்சு. அப்புறம் சில கைகள் மாறி, 2006ல் ஹார்ன்பி நிறுவனத்திடம் வந்தது. பழைய செட்டுகள் பல மறுபடியும் கடைக்கு வந்தன. அமெரிக்காவின் மார்க்ஸ் பொம்மைகளுக்கும் இதே கதைதான். நேத்து வரை "கிடைக்கவே கிடைக்காது"ன்னு விலை ஏறின பொம்மை, மறுவெளியீடு வந்ததும் இறங்கலாம். பழைய பெட்டியோடு முழுசா இருக்கிற அசல் செட்டுக்கு மட்டும் தனி மரியாதை.

2. பிளாஸ்டிக்குக்கும் வயசாகும்

பல சிப்பாய்கள் பாலித்தீன் வகை பிளாஸ்டிக். வருஷங்கள் ஓட ஓட, சில பொம்மைகள் மொறுமொறுன்னு ஆகி, தொட்டாலே துப்பாக்கியும் காலும் உடைஞ்சு கையோடு வந்துடும். தங்கத்துக்கு இந்தப் பிரச்னை கிடையாது.

3. வாங்குறவருக்கும் வயசாகும்

இதுதான் முக்கியமானது. அந்தப் பழைய பெட்டிக்கு நல்ல விலை கொடுக்கிறவர் யார்? அதே பொம்மையோடு விளையாடி வளர்ந்தவர்தான். அவருக்கும் இப்போ 70, 75 வயசு. ஒரே தலைமுறை சேர்த்ததெல்லாம் ஒரே சமயத்தில் விற்பனைக்கு வரும். வாங்குற கை அந்தளவு இருக்காது. டீலரிடம் கொடுத்தால் அவர் லாபம் போக மீதி, ஏலத்தில் விட்டால் கமிஷன் போக மீதி.

அப்போ சேர்க்கவே கூடாதா? தாராளமா சேருங்க! 50 வருஷம் பெயின்ட் அடிச்சு, அணிவகுத்து வச்சு, வரலாறு படிச்சு அனுபவிச்ச சந்தோஷத்துக்கு மாதம் 20 பவுண்டு ஒரு விலையே இல்லை. ஆனால் கணக்கில் அதைச் சரியான இடத்தில் எழுதணும். சினிமா, டூர் மாதிரி அது செலவுப் பக்கம். ரிட்டயர்மென்ட் கணக்குப் போடும்போது அதன் மதிப்பு பூஜ்யம்னு வச்சுக்கோங்க. பின்னாடி ஏதாவது கிடைச்சா போனஸ்.

எந்தச் சேகரிப்பா இருந்தாலும் மூணு விஷயம் செய்யுங்க:

• அவசர நிதி, இன்ஷூரன்ஸ், மாத முதலீடு எல்லாம் போன பிறகு மிச்சத்தில் ஒரு மாத வரம்பு வையுங்க.

• ஒரு நோட்டுப் புத்தகத்தில் பொருள், வாங்கிய வருஷம், விலை, அசலா மறுவெளியீடா என்று எழுதுங்க. விற்கணும்னா யாரைக் கேட்கணும் என்பதையும் எழுதுங்க.

• 65 வயசுக்கு மேல், இரட்டையா இருக்கிறதையும் மனசு ஒட்டாததையும் நீங்களே விற்க ஆரம்பிங்க.

கடைசி இரண்டும் ஏன் அவசியம்? 1960ல் வந்த அசல் எது, பின்னாடி வந்த மறுவெளியீடு எதுன்னு அந்த வீட்டில் தெரிஞ்சவர் ஒருத்தர்தான். அவர் போய்ட்டா, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அது பரண்மேல் இருக்கிற ஒரு பெட்டி பொம்மை. முதல் ஆள் கேட்ட விலைக்குக் கொடுத்துடுவாங்க; இல்லேன்னா அப்பா சொன்ன 12,000ஐ நம்பி வருஷக்கணக்கில் காத்திருப்பாங்க.

உங்க வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தா, இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டை ஆரம்பிச்சுடுங்க. பக்கத்தில் வீட்டுக்காரம்மாவையோ பிள்ளைகளையோ உட்கார வச்சுக்கிட்டு எழுதுங்க.