நெஃப்ரோடிக் சிண்ட்ரோம்: சிறுநீரில் புரதம் வெளியேறும் நோயை அறிந்துகொள்வோம்

காலையில் எழும் குழந்தையின் கண் இமைகள் வீங்கியிருக்கும். மாலைக்குள் வீக்கம் வடிந்துவிடும். ஒவ்வாமை என்றோ பூச்சிக்கடி என்றோ எண்ணிப் பெற்றோர் சில நாட்கள் காத்திருப்பர். கண்ணுக்குச் சொட்டு மருந்தும் இட்டுப் பார்ப்பர். பின்னர் கால்களிலும் வயிற்றிலும் நீர் சேரும். சிறுநீரின் அளவு குறையும். அதில் நுரை மிகும். சிறுநீரகப் பிரிவுக்கு வந்து சேரும் குழந்தைகளில் பலர் இந்த வழியிலேயே வருகின்றனர். பெரியவர்களுக்கோ பெரும்பாலும் கணுக்காலில் வீக்கம் தொடங்கும். செருப்பு இறுகும்; விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெல்ல நிரம்பும்.

இந்த அறிகுறிகளின் பின்னே இருக்கக்கூடிய முக்கியமான நிலை ‘நெஃப்ரோடிக் சிண்ட்ரோம்’. நீண்ட காலம் மருந்தும் கண்காணிப்பும் தேவைப்படும் நோய் இது. ஆகவே இதைப் பற்றி நோயாளியும் குடும்பத்தாரும் தெளிவாக அறிந்திருப்பது சிகிச்சையின் ஒரு பகுதியே என்று நாங்கள் கருதுகிறோம்.

சிறுநீரகத்தின் வடிகட்டி

நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பகுதியிலும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களால் ஆன ஒரு முடிச்சு இருக்கிறது. இதற்குக் குளோமெருலஸ் என்று பெயர். இரத்தம் இதனூடே பாயும்போது நீரும் உப்புகளும் கழிவுகளும் வடிந்து இறங்குகின்றன; இரத்த அணுக்களும் புரதங்களும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. இவ்வாறு நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் வடிகட்டப்படுகிறது. அதில் ஒன்று அல்லது இரண்டு லிட்டரைத் தவிர மற்றதனைத்தையும் சிறுநீரகம் மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது.

இந்த வடிகட்டியின் வெளிப்புறத்தில் போடோசைட் என்னும் செல்கள் உள்ளன. அவை விரல்களைக் கோத்துக்கொண்டாற்போல் தம் பாதங்களை ஒன்றோடொன்று பிணைத்து நிற்கின்றன. அவற்றிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் புரதம் வெளியேறாமல் காக்கின்றன. இச்செல்கள் பாதிக்கப்படும்போது வடிகட்டியின் காவல் தளர்ந்து, அல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசிகிறது. உடல்நலமுள்ள ஒருவரின் சிறுநீரில் நாளொன்றுக்கு 150 மில்லிகிராமுக்கும் குறைவான புரதமே வெளியேறும். நெஃப்ரோடிக் சிண்ட்ரோமில் பெரியவர்களுக்கு இது 3.5 கிராமைத் தாண்டுகிறது.

புரத இழப்பால் உடலில் நேர்வன

இரத்தத்தில் அல்புமினின் அளவு இயல்பாக ஒரு டெசிலிட்டருக்கு 3.5 முதல் 5 கிராம் வரை இருக்கும். இரத்தக் குழாய்க்குள் நீரைத் தக்கவைப்பதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. இது 3 கிராமுக்குக் கீழே இறங்கும்போது நீர் திசுக்களுக்குள் கசிகிறது. அதே வேளையில் சிறுநீரகமும் உப்பை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்கிறது. இவ்விரண்டும் சேர்ந்தே வீக்கத்தை உண்டாக்குகின்றன.

குறைந்த புரதத்தை ஈடுசெய்யக் கல்லீரல் மிகுதியாக உழைக்கிறது. அதன் விளைவாகக் கொலஸ்ட்ராலும் உயர்கிறது. நோய் எதிர்ப்புக்கு உதவும் புரதங்கள் வெளியேறுவதால் தொற்று எளிதில் பற்றுகிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் புரதங்கள் இழக்கப்படுவதால் கால், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் குழாய்களில் இரத்தக்கட்டி உண்டாகும் அபாயமும் ஏற்படுகிறது. வீக்கமே கண்ணுக்குத் தெரிவது. உயிருக்கு ஊறு விளைவிப்பவை பெரும்பாலும் தொற்றும் இரத்தக்கட்டியுமே.

நோய் தோன்றும் காரணங்கள்

நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்பது பல நோய்களுக்குப் பொதுவான ஒரு தோற்றம். காய்ச்சலுக்குப் பல காரணங்கள் இருப்பதைப் போலவே இதற்கும் பல காரணங்கள் உண்டு.

குழந்தைகளில், குறிப்பாக இரண்டு முதல் ஆறு வயதுக்குட்பட்டோரில், மிகப் பெரும்பாலும் காணப்படுவது ‘மினிமல் சேஞ்ச்’ என்னும் வகை. சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால் சிறுநீரகத் திசு ஏறக்குறைய இயல்பாகவே தோன்றும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் போடோசைட்டுகளின் பாதங்கள் சிதைந்திருப்பது தெரியும். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் இது மிகுதி. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பிறழ்ச்சியே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. சளி, காய்ச்சல் போன்ற எளிய தொற்றுக்குப் பின் நோய் தலைகாட்டுவதும் மீள்வதும் வழக்கம். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதில்லை. பெற்றோரின் கவனக்குறைவாலோ உணவாலோ வருவதுமில்லை.

பெரியவர்களில் நீரிழிவு நோய் முக்கியமான காரணம். அடுத்து மெம்பரனஸ் நெஃப்ரோபதி, எஃப்.எஸ்.ஜி.எஸ். எனப்படும் தழும்பு வகை, மினிமல் சேஞ்ச், லூபஸ், அமிலாய்டோசிஸ் ஆகியன. ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. கிருமிகளும் சில வலிநிவாரணி மாத்திரைகளும் காரணமாகலாம்.

இங்கு ஒன்றைத் தனியே சொல்ல வேண்டியுள்ளது. பாதரசம் கலந்த தோல் வெளுப்புக் களிம்புகளையும், பாதரசம் சேர்ந்த சில நாட்டு மருந்துகளையும் பயன்படுத்தியோருக்கு மெம்பரனஸ் நெஃப்ரோபதி வந்திருப்பதைத் தமிழகத்திலும் கேரளத்திலும் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். அத்தகைய பொருளை நிறுத்திய பின் பலருக்குப் புரத இழப்பு குறைந்தது. ஆகவே நீங்கள் பூசும் களிம்பு, அருந்தும் லேகியம், உண்ணும் பற்பம், செந்தூரம் எதுவாயினும் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். கேட்பது குறை காண்பதற்காக அல்ல. நோயின் காரணம் அங்கே இருக்கக்கூடும்.

நோயைக் கண்டறிதல்

இலண்டனில் கய்ஸ் மருத்துவமனையின் மருத்துவராயிருந்த ரிச்சர்டு பிரைட், உடல் வீங்கியவர்களின் சிறுநீரைக் கரண்டியில் ஏந்தி மெழுகுவத்தியின் சுடரில் காட்டினார். முட்டையின் வெண்கரு வெந்து திரள்வதைப் போலச் சிறுநீர் திரண்டது. வீக்கத்துக்கும் சிறுநீரில் புரதத்துக்கும் சிறுநீரக நோய்க்கும் உள்ள தொடர்பை அவர் 1827-இல் வெளியிட்டார். இன்று கருவிகள் மாறியிருப்பினும் முதற்படி அதுவே: சிறுநீரில் புரதம் உள்ளதா என்று பார்த்தல்.

பரிசோதனைப் பட்டையில் 3+ அல்லது 4+ எனக் காட்டினால் அளவைத் துல்லியமாக அறிய வேண்டும். அதற்கு 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரிக்கலாம். அல்லது காலையின் முதற் சிறுநீரில் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடலாம். குழந்தைகளில் இவ்விகிதம் 2-க்கு மேலிருந்தால் நோய் உறுதிப்படுகிறது. இரத்தத்தில் அல்புமின், கொலஸ்ட்ரால், கிரியாட்டினின் ஆகியன பார்க்கப்படும். தேவைக்கேற்ப லூபஸ், ஹெபடைடிஸ், சர்க்கரை ஆகியவற்றுக்கான சோதனைகளும் வயிற்று ஸ்கேனும் செய்யப்படும். மெம்பரனஸ் நெஃப்ரோபதியைச் சுட்டும் ஓர் எதிர்ப்பொருள் 2009-இல் கண்டறியப்பட்டது. இரத்தச் சோதனையிலேயே அதை இப்போது அறிய முடிகிறது.

‘பயாப்ஸி’ என்றவுடன் பலர் அஞ்சுகின்றனர். புற்றுநோய்க்கான சோதனை என்று எண்ணுவோரும் உண்டு. இங்கு பயாப்ஸி என்பது, முதுகுப்புறம் மரத்துப்போக ஊசியிட்டு, ஸ்கேன் துணையுடன் சிறுநீரகத்திலிருந்து நூலிழை போன்ற சிறு துணுக்கை எடுத்து ஆராய்வது. ஒரு வயதுக்கு மேற்பட்ட, வழக்கமான அறிகுறிகளுடன் வரும் சிறு குழந்தைக்குத் தொடக்கத்தில் இது தேவைப்படுவதில்லை. மருந்துக்கு நோய் பணியாதபோதும், சிறுநீரில் இரத்தம், உயர் இரத்த அழுத்தம் போன்றவை தொடரும்போதும் தேவைப்படும். பெரியவர்களில் காரணங்கள் பலவாதலின் பெரும்பாலோருக்கு இது வேண்டியிருக்கும்.

சிகிச்சை

குழந்தைகளுக்கு முதல் மருந்து பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு. முதன்முறை நோய் வரும்போது பொதுவாக ஆறு வாரம் நாள்தோறும், அடுத்த ஆறு வாரம் குறைந்த அளவில் ஒருநாள் விட்டு ஒருநாளும் தரப்படுகிறது. குழந்தைகளில் 85 முதல் 90 விழுக்காட்டினர் இதற்குப் பணிகின்றனர். பெரும்பாலும் நான்கு வாரங்களுக்குள் சிறுநீரில் புரதம் மறைகிறது.

இந்தக் கட்டத்தில்தான் கவனம் வேண்டும். வீக்கம் வடிந்து, குழந்தை ஓடியாடத் தொடங்கியதும் மருந்தை நிறுத்திவிடும் குடும்பங்கள் உள்ளன. முகம் உப்புவதையும் பசி மிகுவதையும் கண்டு அஞ்சி நிறுத்துவோரும் உண்டு. ஸ்டீராய்டு உட்கொள்ளும் காலத்தில் உடல் தன் இயற்கையான ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. திடீரென்று மருந்தை நிறுத்தினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே மருத்துவர் கூறும் முறையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும். முக உப்பல் மருந்தின் அளவு குறையக் குறைய மறையும். உயரம், எடை, இரத்த அழுத்தம், கண் ஆகியவற்றை நாங்கள் அவ்வப்போது சோதிப்பது மற்ற பக்கவிளைவுகளை முன்னரே அறியத்தான்.

அடிக்கடி நோய் மீள்வோருக்கும் ஸ்டீராய்டைக் குறைத்தவுடன் மீள்வோருக்கும் லெவமிசோல், மைக்கோஃபினோலேட், சைக்ளோஃபாஸ்ஃபமைடு, டாக்ரோலிமஸ், ரிட்டுக்ஸிமாப் ஆகியவற்றுள் ஒன்று தெரிந்தெடுக்கப்படும். ஸ்டீராய்டுக்குப் பணியாத நோயில் மரபணுச் சோதனையும் தேவைப்படலாம்.

பெரியவர்களுக்குச் சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது. நீரிழிவால் வந்ததெனில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்துவதே அடிப்படை. ஸ்டீராய்டு அதற்குரிய மருந்தன்று. புரத இழப்பைக் குறைக்க எனலாப்ரில், லோசார்டான் போன்றவை தரப்படும். இவை கருவிலிருக்கும் சிசுவுக்குத் தீங்கு செய்பவை. கருவுற விரும்பும் பெண்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வீக்கத்துக்கு நீர்போக்கி மாத்திரையும் கொலஸ்ட்ராலுக்கு ஸ்டேட்டின் மருந்தும் தேவைக்கேற்பச் சேர்க்கப்படும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஒரு குறிப்பேடு வையுங்கள். காலையில் முதற் சிறுநீரைப் பட்டையால் சோதித்து, தேதி, முடிவு, எடை, கொடுத்த மருந்து ஆகியவற்றை எழுதுங்கள். பட்டை மஞ்சளாகவே இருந்தால் புரதமில்லை. பச்சை அடர அடரப் புரதம் மிகுதி. தொடர்ந்து மூன்று நாள் புரதம் இல்லை அல்லது மிகச் சிறிதளவே எனில் நோய் தணிந்தது என்று பொருள். தொடர்ந்து மூன்று நாள் 3+ அல்லது அதற்கு மேல் எனில் நோய் மீண்டுள்ளது. வீக்கம் தோன்றுவதற்கு முன்பே இதை அறிந்து வருவோருக்கு மருத்துவமனையில் தங்கும் தேவை பெரிதும் குறைகிறது.

உணவில் உப்பைக் குறையுங்கள். வீக்கமுள்ள நாட்களில் ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு, மிக்சர், சிப்ஸ் ஆகியவற்றை முற்றிலும் தவிருங்கள். இந்துப்பும் பெரும்பகுதி சாதாரண உப்பே; அதற்கு விலக்கில்லை. குறைந்த சோடியம் என விற்கப்படும் உப்புகளில் பொட்டாசியம் இருப்பதால் மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்த வேண்டாம். வெளியேறும் புரதத்தை ஈடுசெய்ய முட்டையும் புரதப் பொடியும் மிகுதியாகக் கொடுப்பதால் பயனில்லை. வயதுக்கேற்ற இயல்பான அளவில் பருப்பு, பால், முட்டை, மீன் போதும். பத்தியம் என்று இவற்றை அறவே நிறுத்துவதும் தவறு.

தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். நிமோகாக்கல், இன்ஃபுளுயன்சா தடுப்பூசிகள் இந்நோயாளிகளுக்கு முக்கியமானவை. அதிக அளவில் ஸ்டீராய்டு பெறும்போது உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டும். வீட்டிலோ பள்ளியிலோ எவருக்கேனும் சின்னம்மை கண்டால் உடனே தெரிவியுங்கள். ஸ்டீராய்டு உட்கொள்ளும் குழந்தைக்கு அது கடுமையாகத் தாக்கலாம்.

நோய் தணிந்த குழந்தை பள்ளிக்குச் செல்லலாம், விளையாடலாம்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

- காய்ச்சலுடன் வயிற்று வலி
- மூச்சுத் திணறல் அல்லது நெஞ்சு வலி
- ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும்
- சிறுநீர் மிகக் குறைதல் அல்லது சிவந்து போதல்
- கடுந்தலைவலி, வலிப்பு, மயக்கம்
- தொடர் வாந்தியால் ஸ்டீராய்டு மாத்திரை உடலில் தங்காமை

எதிர்காலம் எப்படி இருக்கும்?

ஸ்டீராய்டும் ஆன்டிபயாட்டிக்கும் வருவதற்கு முன், இந்நோய் கண்ட குழந்தைகள் பலர் தொற்றினால் இறந்தனர். இன்று நிலைமை முற்றிலும் வேறு. ஸ்டீராய்டுக்குப் பணியும் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் மீளவே செய்யும். ஆயினும் வளர வளர அது அரிதாகி, பெரும்பாலோருக்குப் பருவ வயதுக்குள் நின்றுவிடுகிறது. அவர்களின் சிறுநீரகம் பழுதடைவது மிக அரிது. மருந்துக்குப் பணியாத வகைகளில்தான் காலப்போக்கில் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிகிச்சை தேவைப்படலாம். அங்கும் புரத இழப்பைக் குறைத்து அந்நிலையைத் தள்ளிப்போட முடியும்.

நோய் மீள்வதை உங்கள் தோல்வியாகவோ மருந்தின் தோல்வியாகவோ கொள்ள வேண்டாம். அது இந்நோயின் இயல்பு. அடுத்த முறை வரும்போது குறிப்பேட்டையும் தற்போது உட்கொள்ளும் அனைத்து மருந்துகளையும் கொண்டு வாருங்கள். மருந்தை நிறுத்தவோ மாற்றவோ தோன்றினால், அதற்கு முன் எங்களிடம் ஒரு சொல் கேளுங்கள்.