இரண்டாம் இருக்கை

நுழையும்முன்

விளையாட்டில் வென்றவரை உலகம் போற்றுகிறது. அவரை உருவாக்கிய தலைமைப் பயிற்சியாளரையும் அறிந்திருக்கிறது. இவ்விருவருக்கும் இடையே நின்று நாள்தோறும் உழைக்கும் துணைப் பயிற்சியாளரின் பெயரோ பெரும்பாலும் செய்தித்தாளில் இடம்பெறுவதில்லை. அந்த இரண்டாம் இருக்கையில் 27 ஆண்டுகள் அமர்ந்திருந்த ஒரு பெண்ணின் பணிவாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கல்லூரியில் பிறந்த மகளிர் ஆட்டம்

1891ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் உடற்கல்வி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் மாணவர்கள் உள்ளரங்கில் ஆடுவதற்காகக் கூடைப்பந்தை உருவாக்கினார். பழக்கூடைகள் இரண்டும் விதிகள் பதின்மூன்றுமே அதன் தொடக்கம். மறு ஆண்டே செண்டா பெரன்சன் என்னும் ஆசிரியை, ஸ்மித் மகளிர் கல்லூரி மாணவியர்க்கு ஏற்ப விதிகளை மாற்றியமைத்துக் கற்பித்தார். 1893இல் அங்கு நடந்த முதல் போட்டியைக் காண ஆண்கள் அனுமதிக்கப்படவில்லை. ஒலிம்பிக்கில் ஆண்கள் கூடைப்பந்து 1936இலேயே இடம்பெற்றது. பெண்கள் அவ்விடத்தை அடைய மேலும் 40 ஆண்டுகள் ஆயின.

தமிழ்நாட்டிற்கும் இவ்விளையாட்டில் நெடிய மரபு உண்டு. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி, பல தலைமுறை ஆசிரியர்களை உருவாக்கியது. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 18 ஆண்டுகள் இந்திய மகளிர் அணியில் ஆடி, அதன் தலைவராகவும் விளங்கி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஓடுகளத்திலிருந்து கூடைப்பந்துக்கு

ஹாலி வார்லிக் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள நாக்ஸ்வில் நகரில் 1958இல் பிறந்தவர். பள்ளியில் 400 மீட்டர் ஓட்டத்தில் சிறந்து விளங்கிய அவர், ஓட்டப்பந்தய உதவித்தொகை பெற்றே டென்னசி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்குக் கூடைப்பந்து அணியில் இடம் கேட்டுப் பெற்று, பந்தை முன்னெடுத்துச் சென்று ஆட்டத்தை வகுக்கும் வீராங்கனையாக உயர்ந்தார். 1980ஆம் ஆண்டு ஒலிம்பிக் அணிக்குத் தேர்வானார். ஆனால், மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்ததால் அவர் ஒலிம்பிக் களத்தில் கால்வைக்க இயலாமற் போயிற்று.

அவருடைய பயிற்சியாளர் பேட் சம்மிட். 1974இல் தம் 22ஆம் வயதில் அப்பொறுப்பை ஏற்ற சம்மிட்டின் மாத ஊதியம் 250 டாலர். மகளிர் அணிக்குப் பணம் ஒதுக்கப்படாத அக்காலத்தில் வீராங்கனையரின் சீருடைகளைத் துவைத்ததும், அணியை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக வண்டி ஓட்டியதும் அவரே.

ஆட்டம் முடிந்தபின் வார்லிக் வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் நெப்ராஸ்காவிலும் துணைப் பயிற்சியாளராகப் பணியாற்றினார். 1985இல் தம் ஆசானிடமே துணைப் பயிற்சியாளராகத் திரும்பினார். 1987 முதல் 2008 வரை டென்னசி எட்டு முறை தேசிய வாகை சூடியது. அந்த எட்டு முறையும் சம்மிட்டின் அருகில் அமர்ந்திருந்தவர் வார்லிக்.

காணாத உழைப்பு

துணைப் பயிற்சியாளரின் நாள், போட்டிக்கு வெகுமுன்பே தொடங்கிவிடுகிறது. எதிரணியின் பழைய ஆட்டங்களைக் காணொளியில் கண்டு, எவர் இடப்புறம் சாய்ந்து எறிகிறார், எவர் களைத்தபின் தடுமாறுகிறார் என்று குறித்துத் தொகுப்பது அவர் பணி. தம் அணி மாணவியரைத் தனித்தனியே அழைத்து எறிதலையும் கால் நகர்வையும் செம்மைப்படுத்துவதும் அவரே. குதித்து இறங்கும்போது முழங்கால் தசைநார் கிழியும் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி. ஆதலால், இரு கால்களையும் மடக்கி மென்மையாகத் தரையிறங்கக் கற்பித்தல் இன்றியமையாதது.

போட்டியின்போது ஒவ்வொருவரும் செய்த தவறுகளை அவர் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். ஐந்தாம் தவறு செய்பவர் களத்தை விட்டு வெளியேறியாக வேண்டும். சோர்ந்தவர் எவர், மாற்றாகச் செல்லத்தக்கவர் எவர் என்று நொடியில் கூறவேண்டும். தலைமைப் பயிற்சியாளர் கண்டித்த மாணவியின் கண்ணீரைத் துடைப்பதும் பெரும்பாலும் அவர் கையே. ஆட்டநுட்பம் அறிந்தால் மட்டும் போதாது. மனித மனமும் அறிந்திருக்க வேண்டும். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித், கான்சாஸ் பல்கலைக்கழகப் பயிற்சியாளராக இருந்தபோது வெற்றியைவிடத் தோல்வியே மிகுதியாகக் கண்டார் என்பது இங்கு எண்ணத்தக்கது.

ஆசானின் மறதியும் மாணவியின் கடமையும்

2011 ஆகஸ்டில் தமக்கு அல்சைமர் வகை மறதிநோய் தோன்றியிருப்பதை சம்மிட் அறிவித்தார். அவருக்கு வயது 59. பதவியை உடனே விட்டு விலகாமல் அந்த ஆண்டும் அணியோடு இருந்தார். ஆயினும், அன்றாடப் பணிகளில் பெரும்பகுதி வார்லிக்கின் தோள்மீது இறங்கியது. தலைமையின் சுமையைத் தாங்க வேண்டும். தலைமையின் மதிப்பு குறையாமலும் காக்க வேண்டும். அந்நிலையில் துணைவர் ஒருவருக்கு இதனினும் அரிய தேர்வு வேறில்லை.

1,098 வெற்றிகளோடு 2012இல் சம்மிட் ஓய்வு பெற்றார். வார்லிக் தலைமைப் பயிற்சியாளரானார். முதல் ஆண்டிலேயே அவர் அணி தன் மண்டலக் கூட்டமைப்பின் தொடர் ஆட்டங்களில் முதலிடம் பெற்றது. எனினும் தேசிய வாகை கைகூடவில்லை. ஏழாண்டுகளுக்குப் பின், 2019இல் பல்கலைக்கழகம் அவரைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. மாபெரும் ஆளுமைக்குப் பின் வருபவரை உலகம் அவருடைய அளவுகோலாலேயே அளக்கிறது. ஆயினும் எட்டு வாகைகளில் வார்லிக்குக்கு உரிய பங்கை அம்முடிவு அழித்துவிடாது.

பெண்களுக்குப் பெண்கள்

அமெரிக்காவில் 1972இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், கல்விக்கூடங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பு அளிக்க ஆணையிட்டது. மகளிர் அணிகள் பெருகின. பயிற்சியாளர் ஊதியமும் உயர்ந்தது. அதற்கு முன்பு கல்லூரி மகளிர் அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்களுள் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் பெண்கள். பின்னர் அப்பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது. மதிப்பும் பணமும் வந்தபோது அவ்விடங்களை ஆண்கள் நிரப்பினர். ஆடும் வாய்ப்பு வந்தால் கற்பிக்கும் வாய்ப்பும் தானே வந்துவிடும் என்று எண்ணுதல் பிழை என்பதற்கு இதுவே சான்று.

இவ்வுண்மை நமக்கும் பொருந்தும். அந்தியூரில் பயின்று, பவானி வழியாக ஈரோட்டிற்கோ கோவைக்கோ கல்லூரி செல்லும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். மாலைப் பயிற்சி முடிந்து இருட்டியபின் எந்தப் பேருந்தில் திரும்புவது, வெளியூர்ப் போட்டிக்கு யாருடன் செல்வது, மாதவிடாய் நாளின் வலியை யாரிடம் சொல்வது என்னும் வினாக்கள் அவள் ஆட்டத்தைத் தீர்மானிக்கின்றன. அணியில் பெண் பயிற்சியாளர் ஒருவர் இருப்பின் பெற்றோர் துணிந்து அனுப்புவர். அவளும் தயங்காது பேசுவாள். பட்டம் பெறும் நாளிலேயே பந்தைக் கைவிட்டுவிடும் பெண்கள் பலர். அவர்களுள் சிலரேனும் பயிற்சியாளராகத் திரும்பினால், அடுத்த தலைமுறையின் வழி எளிதாகும்.

அதற்கான வாயில்கள் திறந்தே உள்ளன. இளங்கலை, முதுகலை உடற்கல்விப் பட்டங்கள் ஒரு வழி. பாட்டியாலாவில் உள்ள நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயப் படிப்பு மற்றொரு வழி. கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் மாருதி உடற்கல்வியியல் கல்லூரி இயங்குகிறது.

முதல் இருக்கை ஒன்றே ஒன்று. அதில் அமர்பவர் ஒருவராயினும், அவரைத் தாங்கி நிற்கும் கைகள் பல. அக்கைகளின் மதிப்பை அறிந்த சமுதாயமே நல்ல அணியை உருவாக்கும்.

தெரிந்து தெளிவோம்

பன்னாட்டுக் கூடைப்பந்து விதிப்படி, ஆட்டத்தின்போது தலைமைப் பயிற்சியாளர், முதல் துணைப் பயிற்சியாளர் ஆகிய இருவருள் ஒருவர் மட்டுமே ஒரே நேரத்தில் நின்றுகொண்டிருக்கலாம். தலைமைப் பயிற்சியாளர் பணியைத் தொடர இயலாத நிலையில் துணைப் பயிற்சியாளரே அப்பொறுப்பை ஏற்பார்.

கற்பவை கற்றபின்

உங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரை நேர்காணல் செய்வதற்கான வினாக்கள் பத்தினை உருவாக்குக.

மதிப்பீடு

குறுவினா: வார்லிக் ஒலிம்பிக் போட்டியில் பங்கேற்க இயலாமற் போனது ஏன்?

சிறுவினா: துணைப் பயிற்சியாளரின் பணிகளைத் தொகுத்து எழுதுக.

நெடுவினா: 'ஆடும் வாய்ப்பு வந்தால் கற்பிக்கும் வாய்ப்பும் தானே வந்துவிடும்' என்னும் கருத்து ஏற்கத்தக்கதா? உங்கள் ஊர்ச் சூழலோடு பொருத்தி விளக்குக.