பாட்டிக்கு நாளை அறுவைச் சிகிச்சை

மாணவர்களே, சிடாம் கிரியில் வாழும் ஒரு பாட்டிக்குச் சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையில் நாளை பித்தப்பை அறுவைச் சிகிச்சை என்று வைத்துக்கொள்வோம். இன்னும் கத்தி படவில்லை. ஆனால் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, தூக்கம் வரவில்லை. ஏன்?

உடலுக்குள் நடப்பது

மூளையிலுள்ள அமிக்டலா ஆபத்தை உணர்ந்ததும் ஹைப்போதலாமஸைத் தூண்டுகிறது. சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன. பின்னர் கார்ட்டிசோலும் கூடுகிறது.

அறுவைக்குப் பிறகும் அச்சம் விடுவதில்லை. நோயாளி வலிக்குப் பயந்து வயிற்றுத் தசைகளை இறுக்கிக்கொள்கிறார். அதனால் வலி கூடுகிறது. வலி கூடக் கூட அச்சமும் கூடுகிறது. இருமவும் ஆழ்ந்து மூச்சிழுக்கவும் தயங்கினால் நுரையீரலில் சளி தங்கிவிடும்.

ஓர் ஆய்வு

1964-இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மருத்துவர் எக்பர்ட் குழுவினர் செய்த ஆய்வு வெளிவந்தது. வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளவிருந்த 97 பேரை இரு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு மட்டும் மயக்க மருந்து நிபுணர் சில விளக்கங்கள் தந்தார். எங்கே வலிக்கும், எவ்வளவு நாள் வலிக்கும், தசையை எப்படித் தளர்த்துவது, படுக்கையில் எப்படித் திரும்புவது என்று சொன்னார். யாருக்கு விளக்கம் கிடைத்தது என்பது அறுவை மருத்துவர்களுக்குத் தெரியாது. முடிவு என்ன? விளக்கம் பெற்றவர்களுக்கு ஏறக்குறைய பாதியளவு வலி மருந்தே தேவைப்பட்டது. சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீடு திரும்பினர்.

உங்கள் பங்கு

மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ கூறுவதைப் பாட்டிக்குத் தமிழில் சொல்பவர் நீங்களாக இருக்கலாம். "ஒன்னும் ஆகாது பாட்டி" என்று சுருக்கிவிடாதீர்கள். "சாப்பிடக் கூடாது" என்பதோடு காரணத்தையும் சொல்லுங்கள்: மயக்கத்தில் இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போகக்கூடும். உங்களுக்குப் புரியாததை ஊகித்துச் சொல்லாமல், மருத்துவரிடமோ தாதியிடமோ மீண்டும் கேளுங்கள். பாட்டியின் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அச்சம் மிகுதியாக இருந்தால் அதையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

சிந்தித்து விடையளி

1. மேற்கண்ட ஆய்வில் தற்சார்பு மாறி எது? சார்பு மாறிகள் எவை?
2. யாருக்கு விளக்கம் தரப்பட்டது என்பதை அறுவை மருத்துவர்கள் அறிந்திருந்தால் முடிவு எப்படிப் பாதிக்கப்பட்டிருக்கும்?