புயற்சேதமும் கடலோர மீன்பிடித் தொழிலும்

காவேரி டெல்டாவில் புயலடித்து ஓய்ந்தவுடன், மூழ்கிய நெற்பயிரையும் விழுந்த தென்னைகளையும் கணக்கிடுவது வழக்கம். அதே காற்றினால் கடலோரக் குப்பங்களுக்கு உண்டாகும் நஷ்டம் வேறு தன்மையது. பயிர் அழிந்தாலும் நிலம் எஞ்சி நிற்கும். படகும் வலையும் அழிந்தால் மீனவனுக்குத் தொழிலே இல்லாமற் போகிறது.

புயற்காலம்

நாகப்பட்டினக் கரையைத் தாக்கிய பெரும்புயல்களுள் 1952-ஆம் வருஷத்தியது, 1977-ஆம் வருஷத்தியது, 2018-ஆம் வருஷத்திய 'கஜா' ஆகிய மூன்றும் நவம்பர் மாதத்தில் வந்தவை. சம்பாப் பயிர் வயலில் நிற்கும் காலமும் அதுவே. வேதாரணியத்திற்குத் தெற்கிலும் மேற்கிலும் கடல் ஆழங்குறைந்தது. ஆதலால் காற்றினால் தள்ளப்படும் நீர் அங்கே எளிதில் உயர்ந்து கரையேறும். கஜா புயலின்போது புஷ்பவனம் கரையில் கடற்சேறு வந்து படிந்தது.

2004 டிசம்பர் 26-ந் தேதி வந்த ஆழிப்பேரலைக்கோ காற்றும் மழையும் முன்னறிகுறியாக இல்லை. நாகப்பட்டினம் ஜில்லாவில் மாத்திரம் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலர் குப்பத்து ஜனங்கள். உப்புநீர் விளைநிலங்களிலும் புகுந்தது.

கணக்கில் வராத நஷ்டம்

படகுக்கும் வலைக்கும் சொந்தக்காரர் உண்டு. அவர் நஷ்டம் எளிதிற் பதிவாகும். ஆனால் ஒவ்வொரு படகையும் நம்பி, பிடித்த மீனில் பங்கு பெறும் தொழிலாளிகள் பலர் இருக்கின்றனர். கரையில் மீன் வாங்கிக் கூடையிற் சுமந்து விற்கும் பெண்களும், கருவாடு காய வைப்போரும் உளர். இவர்களிடம் காட்டுவதற்கு உடைந்த பொருள் ஒன்றுமில்லை. ஆயினும் படகு பழுதுபார்க்கப்படும் வரை இவர்களுக்கு வருமானமில்லை. குடியானவனின் நிலம் விளையாதபோது நடவாள்கள் கூலியிழப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

செய்யத்தக்கவை

1. ஐப்பசி மழைக்கு முன்னரே கிராம உத்தியோகஸ்தர்கள் குப்பந்தோறும் படகு, இயந்திரம், வலை ஆகியவற்றுக்கு ஜாபிதா தயாரித்தல் வேண்டும். பங்குத் தொழிலாளிகள், மீன் விற்கும் பெண்கள் ஆகியோர் பெயர்களும் அதில் இடம்பெற வேண்டும். புயலுக்குப் பின் எழுதப்படும் கணக்கில் எளியோர் விடுபடுவது எளிது.

2. எச்சரிக்கை கிடைத்தவுடன் குப்பத்துப் பஞ்சாயத்தாருக்கு அறிவித்து, படகுகளை மேட்டில் ஏற்றிக் கட்டவும், வலைகளை உள்ளூரில் பத்திரப்படுத்தவும் உதவ வேண்டும். இடம் உள்ள மிராசுதாரர்கள் தங்கள் களத்தையோ கொட்டகையையோ கொடுத்துதவலாம்.

3. முத்துப்பேட்டை முதலிய இடங்களிலுள்ள அலையாத்திக் காடுகளை வெட்டலாகாது. அவை அலையின் வேகத்தைத் தணிப்பதுடன், இறாலும் மீன்குஞ்சும் வளரும் இடமுமாகும்.

4. வடிகால்களின் முகத்துவாரம் தூர்ந்து போகாதபடி கவனிக்க வேண்டும். தூர்ந்துவிட்டால் வயலில் தேங்கிய வெள்ளம் வடியாது. அவ்வழியே செல்லும் படகுகளும் கடலுக்குப் போக இயலாது.

முகத்துவாரம் ஒன்றே உழவனுக்கும் மீனவனுக்கும் பொதுவாயிருப்பதால், அதனைத் திறந்து வைக்கும் வேலையில் இரு சாராரும் கூடி முயலுதல் இருவர்க்கும் நலமாகும்.