படத்தில் பிழை பிடிப்பது எப்படி?

கேள்வி: படங்களிலும் டிவி நாடகங்களிலும் வரும் பிழைகளைக் கண்டுபிடிக்க ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்? – வாசகர், கற்பிட்டி

பதில்: உங்களுக்குச் சூரியனே போதும். கற்பிட்டியில் அது களப்புப் பக்கம் எழுந்து கடலில் மறைகிறது. உங்கள் கரையைக் காட்டி, விடியற்காலை என்று சொல்லி, கடலிலிருந்து சூரியன் எழுந்தால் விடாதீர்கள். அது மாலையில் எடுத்த காட்சி, இல்லாவிட்டால் கிழக்குக் கரையில் எடுத்தது.

அடுத்தது ஈரம். வலை இழுத்துவிட்டுக் கரையேறுபவரின் சாரம் நனைந்து காலோடு ஒட்டியிருக்கும். அடுத்த ஷொட்டில் காய்ந்து காற்றில் பறக்கும். ஒரே காட்சியைப் பல தடவை, சில வேளை வேறு வேறு நாட்களில் எடுத்து ஒட்டுவதால் வரும் வினை இது. 1970களின் கதையில் மாகாண எழுத்துள்ள வாகன இலக்கத் தகடு தெரிந்தாலும் பிழைதான். அந்த முறை பிறகு வந்தது.

சரித்திரப் படமென்றால் கதையையே சோதியுங்கள். 1957இல் வந்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ தாய்லாந்துக் கதை, எடுத்தது நம் கித்துல்கலவில். படத்தில் கமாண்டோக்கள் வைத்த வெடியில் பாலம் தகர்கிறது. உண்மையில் 1945இல் அதைத் தாக்கியவை நேச நாட்டு விமானங்கள்.

வீட்டார் பார்க்கும்போது மட்டும் படத்தை நிறுத்தாதீர்கள். நிமிடத்தைக் குறித்துவைத்து, இரண்டாம் முறை தனியாகப் பாருங்கள்.