முதல் நாள் சாயங்காலம் எதையும் அடக்காதீர்கள்!

பரீட்சை முடிந்து லீவு விட்டாச்சு. இனி வீட்டில் ஒரே பேச்சுதான். "இந்த வருஷம் எங்கே போகலாம்?"

1995-ல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா திறந்தபோது, காலையில் புளிச்சாதம் கட்டிக்கொண்டு போய், ராட்டினம் ஏறி, தண்ணீரில் ஆடி, இருட்டுவதற்குள் வீடு திரும்புவோம். ராத்திரி நம் வீட்டு ரசம், நம் வீட்டுப் பாய். அதனால் உடம்புக்குப் பெரிய தொந்தரவு இல்லை. இப்போது அப்படியில்லை. கேளிக்கைப் பூங்காவை ஒட்டியே விடுதி, நீச்சல் குளம், இரவு விருந்து, ஆட்டம் பாட்டம் எல்லாம் வந்துவிட்டன. இரண்டு நாள் தங்குகிற மாதிரி குடும்பத்தோடு போகிறார்கள். நல்லதுதான். போக வேண்டியதுதான்.

ஆனால் என் அனுபவத்தில் ஒன்று பார்க்கிறேன். டூர் போய் வந்து "உடம்பு சரியில்லை டாக்டர்" என்று வருகிறவர்களைக் கேட்டால், பாதிப் பேருக்குக் கோளாறு ஆரம்பித்தது முதல் நாள் சாயங்காலம்! ஏன் அப்படி? ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஏரிக்கரையிலிருந்து ஒரு குடும்பம்

பழவேற்காடு ஏரி உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலுமாகப் பரந்து கிடக்கிறது. குளிர்காலத்தில் பூநாரை பார்க்கச் சென்னையிலிருந்து கூட்டம் வரும். அந்த ஏரிக்கரைக் குப்பங்களுக்கு நான் வாரம் ஒருநாள் வைத்தியம் பார்க்கப் போகிறேன்.

அங்கே ஒரு மீனவர் குடும்பம். மூத்த பையன் படித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். முதல் போனஸ் பணத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு பூங்கா விடுதியில் இரண்டு நாளைக்கு அறை போட்டுவிட்டான். ஆயா, அப்பா, அம்மா, ஒன்பது வயதுத் தம்பி என்று வீட்டோடு கிளம்பினார்கள். அந்தக் குடும்பத்தில் யாரும் அதுவரை ஓட்டலில் ராத்தங்கியதே கிடையாது!

மே மாத வெயில். பொன்னேரி, மீஞ்சூர் தாண்டி, சென்னை நெரிசலைக் கடந்து, வேன் போய்ச் சேர மதியம் ஒரு மணி. இரண்டு மணிக்குத்தான் அறை என்றார்கள். அறைக்குள் பையைப் போட்டதும் தம்பி குளத்தை நோக்கி ஓடினான். "காசு கொடுத்திருக்கோம், ஒரு நிமிஷம்கூட வீணாக்கக் கூடாது" என்பது பெரியவனின் கட்டளை.

அன்று ராத்திரி பத்து மணிக்குள் நாலு பேருக்கும் நாலு விதமான அவஸ்தை. ஆயாவின் உயிருக்கே ஆபத்து வந்து விலகியது. திரும்பி வந்த பிறகு ஒவ்வொருவராக என்னிடம் சொன்னார்கள். கேட்கக் கேட்க, கல்லூரியில் படித்த ஒரு பாடம் ஞாபகம் வந்தது.

பதினான்கு வேகங்கள்

சித்த மருத்துவத்தில் 'வேகங்கள்' என்று பதினான்கைச் சொல்லியிருக்கிறார்கள். வேகம் என்றால் ஓட்டமல்ல. உடம்பு தானாக எழுப்புகிற உந்துதல். தும்மல், கொட்டாவி, இருமல், சிறுநீர், மலம், வாயு, பசி, தாகம், தூக்கம், வாந்தி, கண்ணீர் என்று அந்தப் பட்டியல் போகும். இவற்றை வலிந்து அடக்கினால் வாயு தன் நிலை கெட்டு நோய் வரும் என்பது நம் முன்னோர் சொன்ன விதி.

வீட்டில் இருக்கும்போது நாம் இவற்றை அவ்வளவாக அடக்குவதில்லை. தாகம் எடுத்தால் சொம்பு, பசித்தால் அடுப்படி. வெளியூர் போகிற முதல் நாள்தான் எல்லாவற்றையும் ஒரே நாளில் அடக்குகிறோம்! வண்டியில் ஒன்று, வரிசையில் ஒன்று, வேடிக்கையில் ஒன்று. பெட்டி படுக்கையோடு நாம் போய்ச் சேர்ந்துவிடுகிறோம். உடம்பு இன்னும் வந்து சேர்ந்திருக்காது. இந்தக் குடும்பத்தில் யார் எதை அடக்கினார்கள் என்று பார்ப்போம்.

அம்மா அடக்கியது சிறுநீர்

காலை எட்டு மணிக்கு வீட்டில் போனவர், அடுத்து விடுதி அறையில்தான் போனார். நடுவில் ஆறு மணி நேரம்! வழியில் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார்கள். சுத்தம் போதவில்லை, வெட்கம் வேறு. "போகணும்னு வந்துடக் கூடாதுன்னு தண்ணியே குடிக்கல டாக்டர்" என்றார். நம் பெண்கள் எல்லாரும் செய்கிற காரியம் இது. மூன்றாம் நாள் சுருக் சுருக்கென்று எரிச்சல், அடிவயிற்று வலி.

பெண்களுக்குச் சிறுநீர்த் தாரை நீளம் குறைவு. கிருமி சுலபமாக உள்ளே ஏறும். அடிக்கடி சிறுநீர் போனால் அது அடித்துக்கொண்டு வெளியே போய்விடும். தண்ணீரும் குடிக்காமல், நீரையும் அடக்கினால் கிருமிக்குக் கொண்டாட்டம். பயணத்தில் இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். ஆண்களே, அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், நீங்களே நிறுத்துங்கள்.

எரிச்சல் வந்துவிட்டால் பார்லிக் கஞ்சியும் நெருஞ்சில் குடிநீரும் துணைக்கு உதவும். ஆனால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். குளிர்சுரம், விலா முதுகுப் பக்கம் வலி, வாந்தி என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கைமருந்தோடு காத்திருக்கக் கூடாது. கர்ப்பிணிகள் எரிச்சல் ஆரம்பித்ததுமே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

பையன் அடக்கியது தாகம்

ஏரித் தண்ணீரில் பிறந்து வளர்ந்த பிள்ளை. மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை குளத்தை விட்டு ஏறவே இல்லை. "தண்ணியிலதானே இருக்கான், அவனுக்கு எதுக்குத் தண்ணி?" என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். இங்கேதான் ஏமாந்துவிடுகிறோம். வெயிலில் நீந்தினாலும் வியர்க்கும். குளத்து நீரில் அது தெரியாது. தாகமும் விளையாட்டில் மறந்துபோகும். ஏறி வந்ததும் ஒரு கோலா, ஒரு ஐஸ்கிரீம். எட்டு மணிக்குத் தலைவலி, வாந்தி.

குழந்தைகளை அரை மணிக்கு ஒருமுறை கரைக்குக் கூப்பிட்டு, இரண்டு வாய் தண்ணீர் குடிக்க வையுங்கள். நீர்மோர், இளநீர், பானகம் எதுவானாலும் சரி. வாந்தி, பேதி என்றால் உப்புச் சர்க்கரைக் கரைசல்தான் முதல் மருந்து. 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்த மாதிரிக் கரைசலைக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்கும். இல்லையென்றால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கூட்டிவிடாதீர்கள், கண்ணீரை விட அதிகம் கரிக்கக் கூடாது. மடமடவென்று வேண்டாம், ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். சிறுநீரே போகாமல், சோர்ந்து துவண்டு போனால் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இன்னொன்று. குளித்து வந்த பிள்ளைக்குக் காதடைத்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். தலையைச் சாய்த்து, வெளிக் காதைத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். வலி வந்தால் டாக்டர் பார்க்கட்டும்.

அப்பா அடக்கியது தூக்கம்

பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில் யார் எப்போது வலை போடுவது என்று முறை வைத்துக்கொள்வார்கள். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி இவருடைய முறை. விட மனசு வருமா? விடிய விடிய இறாலுக்கு வலை போட்டுவிட்டு, நேரே வந்து வேனில் ஏறினார். அறைக்குப் போனதும் ஒரு மணி நேரம் படுக்க நினைத்தவரைப் பெரியவன் விடவில்லை. ராத்திரி பதினொரு மணிவரை ஆட்டம் பாட்டம். மறுநாள்? தலை பாறாங்கல்லாகக் கனக்க, சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. காசு கொடுத்து வாங்கின நாளைத் தூங்கிக் கழித்தார் மனிதர்!

ஆபீஸ் போகிற வாசகர்களும் இதையேதான் செய்கிறீர்கள். கணக்கை முடித்து, நள்ளிரவில் பெட்டி கட்டி, விடியற்காலையில் நீங்களே காரை ஓட்டிக்கொண்டு போகிறீர்கள். தூக்கத்தை அடக்கிக்கொண்டு வண்டி ஓட்டுவது குடித்துவிட்டு ஓட்டுவதற்குச் சமம்.

ஆயா அடக்கியது பசி

இதுதான் பெரிய விஷயம். வீட்டில் வயசானவர்கள் இருப்பவர்கள் கவனமாகப் படியுங்கள்.

ஆயாவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. ராத்திரி ஏழரைக்கு மாத்திரை, எட்டு மணிக்குச் சாப்பாடு. ஏரிக்கரையில் அது தவறினதே இல்லை. விடுதியிலும் ஏழரைக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். ஆனால் எட்டு மணிக்குப் பேரப்பிள்ளைகள் விளக்கு அலங்காரம் பார்க்க இழுத்துப் போனார்கள். சாப்பாட்டுக் கூடத்துக்கு வரும்போது ஒன்பதரை, அங்கேயும் கூட்டம். "எல்லாரும் வரட்டும்னு குந்திக்கினு இருந்தேன் டாக்டரே. பசிக்குதுன்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு" என்றார் பின்னால்.

உட்கார்ந்தபடியே உடம்பெல்லாம் குளிர்ந்து வேர்த்தது. கை நடுங்கியது. பேரனைப் பார்த்து வேறு யார் பெயரையோ சொல்லிக் கூப்பிட்டார். வீட்டார் "அலைச்சல், களைப்பு, படுத்தால் சரியாகிவிடும்" என்று அறைக்கு அழைத்துப் போகப் பார்த்தார்கள். படுக்க வைத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! நல்ல வேளை, பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பையன், "எங்க அம்மாவுக்கும் இப்படித்தாங்க வரும்" என்று சொல்லிச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தான். கால் மணியில் ஆயா கண் தெளிந்தது.

இதுதான் தாழ்சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும் நிலை. எல்லாச் சர்க்கரை மாத்திரையும் சாதாரணமாக இப்படிச் செய்யாது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவையும் இன்சுலினும் செய்யும். உங்கள் வீட்டுப் பெரியவர் சாப்பிடுவது எது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழறல், தடுமாற்றம் என்று தெரிந்தால் உடனே மூன்று நாலு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி கழித்தும் தெளியாவிட்டால் மறுபடி கொடுங்கள். தெளிந்ததும் இட்லியோ சாதமோ சாப்பிட வையுங்கள். இந்த மாத்திரைகளின் வேலை பல மணி நேரம் நீடிக்கும். ஆகவே ராத்திரி தனியாகப் படுக்க விடாதீர்கள், டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒரே விதி: சாப்பாடு கண்ணெதிரே வந்த பிறகே மாத்திரை. அரை மணி முன்னால் போடச் சொல்லியிருந்தால், வெளியூரில் என்ன செய்வது என்பதையும் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, முதல் நாள் எப்படி இருக்கணும்?

போய்ச் சேர்ந்ததும் முதலில் கழிப்பறை, அடுத்து தண்ணீர், பிறகு ஒரு மணி நேரம் படுக்கை. வெயில் தாழ்ந்து நாலரை மணிக்கு மேல் குளம் போதும். ஒரு மணி நேரத்தில் ஏறிவிடுங்கள். ராட்டினம், சறுக்கு எல்லாம் மறுநாள் காலைக்கு. அதுவும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம். தலைசுற்றுகிறவர்கள் இஞ்சித் துண்டு ஒன்றை மென்றுகொள்ளலாம்.

இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள். நாற்பது வகை வைத்திருந்தாலும் உங்களுக்கு இருப்பது ஒரு வயிறுதான்! முதல் ராத்திரி இட்லி, ரசம் சாதம், மோர் என்று எளிதாக முடியுங்கள். பிரியாணி மறுநாளும் இருக்கும். ஏ.சி.யை 25 டிகிரியில் வைத்துப் பத்து மணிக்குப் படுத்துவிடுங்கள்.

பையில் மறக்காமல் வைக்க வேண்டியவை: ஓ.ஆர்.எஸ். பாக்கெட், ஒரு பொட்டலம் சர்க்கரை, பிஸ்கட், சுக்குத் தூள், பெரியவர்களின் மாத்திரைச் சீட்டு, தண்ணீர் பாட்டில். முக்கியமாகப் பெரியவர்களிடமும் பெண்களிடமும், "பசிக்கிறதா? போகணுமா?" என்று நீங்களாகவே கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

ஏரியில் இரவெல்லாம் கிடக்கிற அந்த மீனவர், படகில் ஏறும் முன் தண்ணீர்க் கேனையும் தூக்குச் சட்டிக் கஞ்சியையும் வைக்காமல் போக மாட்டார். அதே மனிதர் உல்லாசப் பயணத்தில் மறந்தார். வேலைக்குப் போகும்போது இருக்கிற கவனம் விளையாடப் போகும்போது நமக்கு இருப்பதில்லை, அவ்வளவுதான்.

அடுத்த மே மாதம் அதே குடும்பம் மறுபடி போய் வந்தது. ஆயா என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்த வாட்டி யாருக்கும் காத்துனு இருக்கல டாக்டரே. பசிச்சதும் மொதல்ல நான் துன்னுட்டேன்!"

நீங்களும் போய் வாருங்கள். நன்றாக அனுபவியுங்கள்.