பொலிகிடா வாங்குவோர்க்கு



சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் எங்கள் பட்டிக்கு ஒரு செம்மறிக் கிடா வாங்கினார். சித்திரை வெயிலில் மூன்று நாள் நடத்திவந்து, மறுநாளே 40 பெட்டைகளோடு விட்டோம். அதன் சுருண்ட கொம்பை ஊரே மெச்சியது. ஐந்து மாதம் கழித்து ஈன்றவை 11 மட்டுமே. மற்றவை மலடென்று தந்தையார் பலவற்றைக் கசாப்புக்கு விற்றுவிட்டார்.

இசத்நகருக்குக் கால்நடை மருத்துவம் படிக்க வந்த பின்னரே, குற்றம் பெட்டைகளுடையதன்று என அறிந்தேன். கிடாவின் உடலில் விந்தணு உருவாக ஏறத்தாழ 7 வாரம் ஆகும்; காளைக்கு 2 மாதம். கடும் வெப்பமோ காய்ச்சலோ தாக்கினால் அதன் தீங்கு பல வாரம் நிற்கும்; வெளியே தெரியாது.

ஆகவே கொம்பை விட்டு விரைகளைத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்த அளவாய், உறுதியாய், கட்டியின்றி இருத்தல் வேண்டும். புருசெல்லா நோய்க்கு இரத்தச் சோதனை செய்வியுங்கள். இனச்சேர்க்கைப் பருவத்துக்கு 2 மாதம் முன்பே வாங்கி, வண்டியில் ஏற்றி வாருங்கள். முதல் மாதம் தனியே கட்டி, நிழலும் நீரும் குறையாமல் கொடுங்கள். 30 பெட்டைகளுக்கு ஒரு கிடா என்பதே நல்ல அளவு. தன் மகள்களோடு சேராதிருக்க 2 ஆண்டில் கிடாவை மாற்றுங்கள். பொலிகாளை வாங்குவோர்க்கும் பெரும்பாலும் இவையே பொருந்தும்.

சென்ற விடுமுறையில் இவற்றைத் தந்தையாரிடம் கூறினேன். நெடுநேரம் பேசாதிருந்து, “விற்ற பெட்டைகள் நல்லவையடா” என்றார்.